வெயிலுக்கு விலை சொன்ன சகலை

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஐந்தில் பாதி என்று என் மனைவி திருத்துவாள். அவள் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். ஒரு வாளியும் ஒரு துவைகல்லும் வைத்துக்கொண்டு தொழிலை ஆரம்பித்தவன், இன்றைக்கு ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிறேன். வெள்ளை என்றால் என்ன நிறம் என்று இந்த ஊருக்குக் காட்டியவனே நான்தான்.

நம் சலவைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, "தொழிலில் உங்களுக்குத் துணையாக இருந்த சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள்" என்று செயலாளர் கேட்டார். சாதாரண மனிதர் என்று சொல்லிவிட்டதால் என்னைப் பற்றி எழுத வழியில்லாமல் போயிற்று. ஆகவே என் சகலையைப் பற்றி எழுதுகிறேன். நடுநடுவே நான் வந்து குறுக்கே நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே நிற்பது என் பிறவிக் குணம். இந்தக் கதை நடந்ததே அதனால்தான்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் இவர். ஆள் ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் இருக்கும். வீட்டில் எல்லோரும் அவரை 'வகுத்தல்' என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தது நான்தான். நல்ல விஷயம் எதையும் அடுத்தவர் வைக்க நான் விடுவதில்லை.

பெயர் வந்த விதம் இதுதான். அவருக்குக் கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் செருப்பு வாங்கப் போனோம். நான் கடைக்காரனைக் கெஞ்ச வைத்து, அழ வைத்து, கடையிலேயே மலிவான ஜோடியைப் பாதி விலைக்கு வாங்கினேன். இவர் பேரமே பேசாமல் விலை கூடிய ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சகலை, நான் என்ன விலைக்கு முடிச்சேன் பாத்தியா? நீ வாங்கின ஒரு ஜோடிக்கு நான் நாலு ஜோடி வாங்கலாம்யா."

"வாங்கித்தான் ஆகணும்ணே," என்றார். "என்ன விலைக்கு வாங்குனோம்கிறது ஒரு கணக்கு. ஒரு நாள் நடக்க என்ன செலவாகுதுங்கிறது இன்னொரு கணக்கு. செருப்பு விலையோட, தச்சுப் போட்ட கூலியையும் சேர்த்து, அது உழைச்ச நாளால வகுத்துப் பாருங்க."

"போய்யா, வகுத்தல்!" என்றேன். பஸ் நிறுத்தம் வருவதற்குள் என் செருப்பு வார் அறுந்தது. மீதி வழியெல்லாம் வெறுங்காலோடு நடந்தேன். வகுத்தல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருந்தால் நான் மறந்திருப்பேன். பேசாததால்தான் இன்று வரை அந்தத் தார் ரோட்டின் சூடு உள்ளங்காலில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அவர் குடைக்கடை வைத்திருந்தார். வாங்க வருகிறவர்களிடம், "இந்தக் குடை ரெண்டு மழை தாங்கும், அந்தக் குடை ஆறு வருஷம் வரும், கம்பி மட்டும் நடுவுல ஒரு தடவை மாத்தணும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுவார். பக்கத்துக் கடைக்காரன் "ஏ ஒன் குடை சார்" என்று மட்டும் சொல்லுவான். கூட்டம் எந்தக் கடையில் நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை.

குடைக்கடை மூழ்கியதும் வெயிலுக்கு மாறினார். மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாகப் படுக்க வைத்து, வெயிலில் தண்ணீரைச் சுடவைக்கும் பேனல் இருக்கிறதல்லவா, அதை விற்கும் கடை. கடை வாசலில் ஒரு பேனலை நிறுத்தி, அதோடு ஒரு குழாயை இணைத்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் வெந்நீரில் முகம் கழுவிக்கொண்டு, "ரொம்ப நல்லாயிருக்கு" என்று அவர் துண்டிலேயே துடைத்துவிட்டுப் போனார்கள். அங்கே கூடிய கூட்டமெல்லாம் முகம் கழுவ வந்த கூட்டம்தான். வாங்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

கொழுந்தியா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக அவரிடம் ஒரு வருடம் கெடு வைத்தாள். அதற்குள் சொல்லிக்கொள்ளும்படி பெரிய வேலை ஒன்று கிடைத்து நன்றாக ஓட வேண்டும். இல்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு, எங்கள் மச்சானின் டயர் கடைக் கல்லாவில் போய் உட்கார வேண்டும். மச்சான் நல்லவர்தான். ஆனால் டயர் வாங்க வருகிறவரிடம் "இது எத்தனை தூரம் ஓடும், வகுத்துப் பாருங்க" என்று சகலை சொன்னால், அன்று சாயங்காலமே மச்சானும் அவரும் பகையாளி ஆகிவிடுவார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தப் பெரிய வேலையைக் கொடுத்தவன் நான். (இந்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சடிக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.)

என் பட்டறையில் டீசல் பாய்லர். நெருப்பு மூட்டினால் பணம் எரிகிற வாசனைதான் வரும். ஒருநாள் சகலை பாய்லர் அறையில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "அண்ணே, ஒரு லோடு துணிக்குச் சூடு பண்ண என்ன ஆகுதுன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"டீசல் பில்லைப் பாத்தா தெரியுது."

"டீசலோட முடிஞ்சுதா? பர்னர் ரிப்பேர், புகைக்குழாய் மாத்தினது, பாய்லர் ஆளுக்குச் சம்பளம், வருஷா வருஷம் ஏறுற டீசல் விலை, எல்லாம் சேரணும்ல? நாம சுலபமா வச்சுக்குவோம். ஒரு லோடுக்கு டீசல் சூடு பத்துன்னா, வெயில் சூடு ஆறு."

"ஆறா? வெயில் சும்மா அடிக்குது. அதுக்கு எதுக்குய்யா ஆறு?"

"வெயில் சும்மாதாண்ணே. பிடிக்கிற குழாய் சும்மா இல்லையே."

பாய்லர் அறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு போட்டார். கோட்டுக்கு மேலே செலவு, கீழே சூடு என்றார். மேலே எழுதிக்கொண்டே போனார். பேனல், தொட்டி, பம்ப், பொருத்துகிற கூலி. வருடத்துக்கு உடைகிற கண்ணாடிக் குழாய்கள், தூசி கழுவுகிற ஆள். பாதி வழியில் பம்ப் ஒன்று சாகும், அதற்குப் புதுசு. பின்னால் தொட்டி அரிக்கும், அதற்கும் ஒரு தொகை. அதுவும் போதாதென்று, மொத்தப் பணத்தையும் முதல் நாளே மாடியில் போட்டு முடக்குவதால் அதற்கு வட்டி வேறு!

"என் பணத்துக்கு நானே வட்டி கட்டணுமா?"

"அந்தப் பணம் வேற இடத்துல இருந்தா உங்களுக்குச் சம்பாதிச்சுக் குடுத்திருக்கும்ல. அதை விட்டுட்டுக் கணக்குப் போட்டா அது வியாபாரி கணக்கு. நான் போடறது குடும்பக் கணக்கு."

கோட்டுக்குக் கீழே இருபது வருடத்தில் கிடைக்கும் சூடு. அங்கேயாவது கொஞ்சம் தாராளமாக இருப்பார் என்று பார்த்தால், மழை நாளைக் கழித்தார். குழாய் பழசாகிச் சோர்ந்துபோவதைக் கழித்தார். ஞாயிற்றுக்கிழமையையும் கழித்தார்.

"ஏன், ஞாயித்துக்கிழமை வெயில் அடிக்காதா?"

"வெயில் அடிக்கும். மெஷின் ஓடாதே. நாம துணியில செலவழிக்கிற சூடு மட்டும்தான் கீழே சேரும். மாடியில சும்மா கொதிச்சு ஆறுறது கணக்குல வராது."

"சரி, இருபது வருஷம்னு ஏன் போட்ட? நாப்பது போடேன். விலை பாதியாயிடும்ல?"

"போடலாம்ணே. ஆனா அது பேனலுக்குத் தெரியணுமே."

செருப்புக் கடைக்காரனையே அழ வைத்த நான், அன்று வெயிலிடம் பேரம் பேசித் தோற்றேன். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்து, 'ஆறு' என்று சுவரில் பெரிதாக எழுதி வட்டம் போட்டார். பிறகு யாரும் கேட்காமலே ஒரு வாக்குக் கொடுத்தார்.

"ஒரு வருஷம் ஓட்டிப் பாப்போம். சூட்டு மீட்டர் மாட்டிடறேன், பொய் சொல்லாது. மீட்டர் காட்டுறதை வச்சுத் திருப்பி வகுத்துப் பாத்து, விலை ஏழைத் தாண்டுச்சுன்னா, நானே எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"குடுத்துட்டு?"

"டயர் கடைதான்," என்று சிரித்தார். சிரிப்பு அவ்வளவு நன்றாக வரவில்லை.

ஆக, பேனல்கள் மாடியேறின. வரிசை வரிசையாகக் கறுப்புக் குழாய்கள், பளபளவென்று தொட்டி. முதல் மாதமே மீட்டர் ஆறு பக்கம்தான் பேசியது. ஆனால் எனக்கு ஒரு குறை. ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு குழாய்கூடத் தெரியவில்லை. இவ்வளவு செலவழித்தது ஊருக்குத் தெரியவில்லை என்றால் பிறகென்ன சூடு, பிறகென்ன வெந்நீர்!

போர்டு எழுதுகிறவரை வரவழைத்தேன். தகட்டில் மூன்று ஆள் உயரத்துக்கு என் உருவத்தையே வெட்டச் சொன்னேன். வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை, தூக்கிய வலது கை, உள்ளங்கையில் வண்டிச் சக்கரம் அளவுக்கு மஞ்சள் சூரியன். காலடியில் எழுத்து: 'வெயிலையே வேலைக்கு வைத்தவர்!' அதை மாடியின் மேற்கு ஓரத்தில், மெயின் ரோட்டைப் பார்த்து, இரும்புச் சட்டம் போட்டு நிறுத்தினோம். அன்று நான் ரோட்டின் எதிர்ப்புறத்துக்குத் தேவையே இல்லாமல் பல தடவை போய் வந்தேன்.

மீசையைப் பார்த்து ஒரே ஒரு ஆள் சிரித்தான். மெஷின் ஓட்டுகிறவன். "முதலாளி மூக்குக்கு ரெண்டு பக்கமும் எலி எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு" என்றானாம். உடனே உத்தரவு போட்டேன்: போர்டைப் பற்றி இந்தப் பட்டறையில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்லதும் பேசக் கூடாது, கெட்டதும் பேசக் கூடாது. என் உத்தரவுகளிலேயே நூற்றுக்கு நூறு நிறைவேறியது அது ஒன்றுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை சகலை வந்து போர்டைப் பார்த்தார். ரோட்டில் அதன் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. நிழலில் நின்றபடியே கேட்டார்:

"அண்ணே, பலமா காத்தடிச்சா தாங்குமா?"

"நான் எந்தக் காத்துக்கு அசைஞ்சிருக்கேன்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சகலை எப்போதும் விடிந்ததும்தான் வருவார். குழாய்கள் காய்ந்து கிடக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அதனால் கழுவுகிற வேலையெல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்னால். கழுவிவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். நானோ, முட்டி வலியால் மாடிப் பக்கமே போவதில்லை. போர்டை ரசிப்பதற்கு ரோடு போதும்.

கொஞ்ச நாளில் மீட்டர் சுணங்க ஆரம்பித்தது. சுவரில் ஆறுக்குப் பக்கத்தில் ஆறரை ஏறியது, பிறகு ஏழு. சகலை குழாய்களை வாரம் ஒரு தடவை கழுவியதைத் தினம் கழுவ ஆரம்பித்தார். வெந்நீர்க் குழாய்க்குச் சுற்றிய உறையைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினார். பம்பைக் கழற்றி மாட்டினார். மீட்டர் மேல் சந்தேகம் வந்து வேறு மீட்டர் போட்டார். அதுவும் அதையேதான் சொன்னது. சுவரில் எட்டு.

நான் சும்மா இருப்பேனா?

"என்ன சகலை, சூரியனுக்கு உடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எங்கயோ ஒண்ணு விட்டுப் போகுதுண்ணே. கண்டுபிடிச்சிடறேன்."

"நான் வேணா சூரியனைக் கூப்பிட்டுக் கண்டிக்கட்டுமா? நம்மகிட்ட வேலை பாக்குற ஆள்தானே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் பேச்சுக்குச் சிரிக்கிறார்கள் என்று நான் நம்பினேன். இஸ்திரி அக்கா மட்டும் சிரிக்காமல் என்னையும் மேலே கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதை அப்போது நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வருடம் முடியப்போகும் நேரத்தில் கொழுந்தியா வீட்டுக்கு வந்தாள். அக்காவிடம் பேச வந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க அவரைக் கிண்டல் பண்றதைக் கொஞ்சம் நிறுத்துங்க. சோறு போட்டா தட்டுல விரலால வகுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கொழம்பு ஊத்துறேன், அதுலயும் கோடு போடறாரு."

"நான் என்னம்மா பண்ணுவேன்? கணக்கு தப்பாப் போச்சு, அவ்வளவுதான்."

"அவரு கணக்கு தப்பாப் போகாது மாமா. எனக்கு அவரு மேல ஆயிரம் குறை இருக்கு. ஆனா அது ஒண்ணு மட்டும் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் டயர் கடையில நாற்காலி போட்டாச்சு. எனக்கே அதைப் பாக்கப் பிடிக்கல."

என் மனைவி என்னை முறைத்த முறைப்பில் அன்று வீட்டிலேயே தண்ணீர் சுட்டிருக்கும்.

இன்னொரு சங்கதியும் அப்போது சேர்ந்தது. எங்களுக்குத் துணி அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரியில் சாமான் வாங்குவதைக் கவனிக்கும் மேலாளர் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர்கள் நர்ஸ் விடுதிக்கும் சமையல் கூடத்துக்கும் வெயில் வெந்நீர் போட நினைத்திருந்தார்கள். எங்கள் மாடியில் ஒரு வருடக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் சகலையின் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் டயர் கடை நாற்காலி.

"காலையில வரச் சொல்லுங்கண்ணே, மாடியில வெயில் சுடாது" என்று சகலை கேட்டார். "அதெல்லாம் முடியாது, மத்தியானத்துக்கு மேல வரட்டும்" என்று நான் சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் மேற்கு வெயில் என் போர்டின் முகத்தில் நேராக அடிக்கும்போது ரோட்டிலிருந்து பார்த்தால் முகமே ஒளி வீசுகிற மாதிரி இருக்கும். அம்மா காரை விட்டு இறங்கும்போது அதைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். பாருங்கள், என் புத்தி எவ்வளவு தூரம் யோசிக்கிறது என்று.

மேலாளர் அம்மா வந்தார். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வந்தார். பாய்லர் அறைச் சுவரில் சகலை எதையும் அழிக்காமல் வைத்திருந்தார். ஆறு என்று சொன்னது, எட்டு என்று ஆனது, இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

"எட்டுதான் உண்மையா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. நான் ஆறுன்னு சொன்னேன். தப்பிப் போச்சு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல."

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும், அடுத்தவர் முன்னால் பெருந்தன்மை காட்ட வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவேனா! "வாங்கம்மா, மாடிக்கே போய்ப் பாத்துடலாம். சகலைமேல தப்பில்ல, பொருள் எப்படியோ. நானே காட்டறேன்" என்று முட்டி வலியையும் பார்க்காமல் படியேறினேன். பேனல் வந்த பிறகு மாடியில் நான் கால் வைத்தது அன்றுதான்.

கதவைத் திறந்தால், சுள்ளென்று அடிக்கிற வெயிலுக்கு நடுவே குளுகுளுவென்று ஒரு நிழல். அதில் பேனல் வரிசைகளுக்கு இடையே சாக்கு விரித்து, இஸ்திரி அக்காவும் மெஷின் ஆட்களும் கால் நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் டம்ளரோடு எழுந்து நின்றார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெயில் விழ வேண்டிய இடத்தில் நிழலா!

"யாருடா இங்க நிழல் போட்டது?" என்று கத்தினேன்.

மெஷின் ஆட்கள் ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். கடைசியில் இஸ்திரி அக்கா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பணிவாகச் சொன்னாள்: "நீங்கதான் முதலாளி."

பார்த்தேன். குழாய்களின் மேல் நான் படுத்திருந்தேன். என் தலை நடு வரிசையில், தோள் அதற்கு முந்தின வரிசையில், தூக்கிய கை பின்வரிசையில். மீசையின் இரண்டு நுனியும் ஆளுக்கொரு பேனலைப் பிடித்திருந்தன. உள்ளங்கைச் சூரியன் வட்டமாக, கன்னங்கரேலென்று, தொட்டிக்குப் போகிற கடைசிப் பேனலை முழுதாக மூடியிருந்தது. சூரியனை நான் வேலைக்கு வைத்திருந்தேன், சரிதான். தினமும் மத்தியானத்துக்கு மேல் லீவு கொடுத்து அனுப்பியதும் நானேதான்.

"இது எத்தனை நாளா இப்படி?"

"போர்டு வச்ச நாள்லேருந்து," என்றான் மெஷின்காரன். "டீ குடிக்க நல்ல இடம் முதலாளி. நாங்க இதை 'முதலாளி மடி'ன்னு சொல்லுவோம்."

"அதை ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"போர்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே."

மேலாளர் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த கட்டடத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

நான் சகலையைப் பார்த்தேன். 'கண்டுபிடிச்சிட்டோம்' என்று குதிப்பார், என்னைப் பிடித்து நாலு வாங்கு வாங்குவார் என்று காத்திருந்தேன். அவர் அந்த மீசை நிழலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, மறுபடி உள்ளேயே வைத்தார். இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். முதல் பேனலின் காலடியில் குந்தி நட்டைத் திருகத் தொடங்கினார்.

"என்னய்யா பண்ற?"

"கழட்டறேண்ணே. ஏழைத் தாண்டினா கழட்டறேன்னு சொன்னேன்ல. தாண்டியாச்சு."

"அதான் காரணம் தெரிஞ்சு போச்சே! நிழல் என்னோடதுய்யா!"

"நிழல் உங்களோடது. கணக்கு என்னோடது." தலை நிமிராமலே பேசினார். "நான் காலையில வந்து ரோட்டுல அந்த நிழலைப் பாத்தேன். சாயந்திரம் அது இந்தப் பக்கம் திரும்பும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். மழையைக் கழிச்சேன், தூசியைக் கழிச்சேன், ஞாயித்துக்கிழமையைக்கூடக் கழிச்சேன். இத்தனை வருஷமா உங்களைத் தெரியும். உங்களைக் கழிக்க மறந்துட்டேன். அது என் தப்புதாண்ணே."

என் வாழ்க்கையில் நான் கேட்ட வசவுகளிலேயே மரியாதையானது அதுதான்.  ஒரு நட்டு கழன்று உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

நான் அதைக் காலால் மிதித்துக்கொண்டேன். "கையை எடு சகலை. போர்டைக் கொஞ்சம் நகத்தினா போதும்ல?"

"மேக்கு ஓரத்துல எங்க நகத்தினாலும் இதேதான்."

"பேனலை நகத்தினா?"

"அதுக்குக் கூலி மேலே ஏறும். ஏழுக்குக் கீழே வராது."

எனக்கு என் முகத்தை விட மனமில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் மனமில்லை. பேரம் பேச ஆரம்பித்தேன்.

"மீசையை மட்டும் வெட்டினா?"

பென்சில் வெளியே வந்தது. நிழலைக் கையால் அளந்தார். "மீசை மட்டும்னா ஏழே முக்கால்."

"கையையும் சூரியனையும்?"

"அதையும் எடுத்தா ஏழு. ஒட்டித்தான் நிக்கும், மழை கூடினா தாண்டிடும்."

கழுத்தைத் தடவிக்கொண்டேன். "தலை?"

"தலையையும் எடுத்துட்டா ஆறுக்கு வந்துடும்ணே. தோளுக்குக் கீழே நிழல் பெருசா எட்டல."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.  எனக்குத் தட்டில் கோடு போடுகிற ஆள் ஞாபகம் வந்தது. கொழுந்தியா பார்க்கப் பிடிக்காத நாற்காலியும் ஞாபகம் வந்தது. என் தலைக்கு இந்த ஊரில் இவ்வளவு விலை என்று அதற்கு முன் யாரும் கணக்குப் போட்டதில்லை.

"வெல்டரைக் கூப்பிடுங்கடா," என்றேன்.

அன்று சாயங்காலமே மெயின் ரோட்டில் கூட்டம் கூடி நின்று வேடிக்கை பார்க்க, வெல்டர் தீப்பொறி பறக்க என் கழுத்தை அறுத்தார். மேலாளர் அம்மாவும் போகாமல் நின்று பார்த்தார். தன் ஆஸ்பத்திரி வேலை சகலைக்குத்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். எனக்கே ஆச்சரியம்.

"எட்டுன்னு வந்தும் எப்படிம்மா நம்பறீங்க?" என்று கேட்டேன்.

"எட்டை அழிக்காம வச்சிருந்தாரே," என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதோட, எங்க மாடியில யார் படமும் கிடையாது" என்றார்.

டயர் கடையில் அந்த நாற்காலியில் இப்போது மச்சானின் பூனை உட்காருகிறது. கொழுந்தியா தன் புருஷனைப் பற்றி மிச்சமிருக்கும் ஆயிரம் குறைகளையும் பழையபடி தெம்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சகலை நர்ஸ் விடுதி மாடிக்குக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, வெயில் சாயும்போது ஒரு தடவை என்று போய் நின்று பார்த்துவிட்டுத்தான் பேனல் போட்டார்.

என் போர்டு இன்னமும் இருக்கிறது. கழுத்து வரைக்கும் வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் வானம், காலடியில் 'வெயிலையே வேலைக்கு வைத்தவர்!' தலை இருந்தபோது யாரும் நின்று பார்த்ததில்லை. இப்போது பஸ்ஸே மெதுவாகப் போகிறது. "தலையில்லா லாண்டரியில இறங்கணும்" என்று கேட்டு டிக்கெட் வாங்குகிறார்கள். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இதுவும் என் யோசனைதான் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அறுத்த தலையை என்ன செய்வது என்று தெரியாமல் மாடி மூலையில் சாத்தி வைத்திருந்தோம். ஒருநாள் சகலை அதைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மழை படாமல் பம்புக்கு மூடியாகப் போட்டுவிட்டார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. புது மூடி வாங்குகிற செலவு மிச்சம் என்று, கோட்டுக்கு மேலே எழுதியிருந்த தொகையில் அதை ஒழுங்காகக் கழித்தும் விட்டார். அப்படியும் போன வருடம் நிழலில் வீணாய்ப் போன சூட்டை அவர் மறக்கவில்லை. பாய்லர் அறைச் சுவரில் இப்போது ஆறு என்று எழுதி, ஆறுக்குக் கொஞ்சம் கூட என்பதற்காகப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டிருக்கிறார்.

"ஆறுன்னே எழுதிடேன்யா, அந்தச் சின்னது யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டேன்.

"அது நீங்கண்ணே," என்றார். "இருபது வருஷம் ஓடி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போங்க."